வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க முடியுமா? மாதச் சம்பளக் குடும்பத்துக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "மதுரையில் வீடு வாங்கி ஓராண்டு ஆகிறது. 30 லட்சம் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத மாறும் வட்டி, மாதத் தவணை 26,035 ரூபாய். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 85,000 வருகிறது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், மாமியார் எங்களோடு இருக்கிறார். நகைச் சீட்டுக்கு 5,000, சேமிப்புக் காப்பீட்டுக்கு 3,000, போன் தவணை 2,500 போகிறது. கிரெடிட் கார்டில் எப்போதும் 30,000 அளவுக்கு நிலுவை நிற்கிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சிக்கனமாக இருந்து இந்தக் கடனைச் சீக்கிரம் அடைக்க முடியுமா?"

முடியும், சகோதரி. வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களைவிடக் குறைந்த வருமானத்தில் இதைச் செய்து முடித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல சம்பளம் வாங்கியும் 20 ஆண்டுகளைக் கடைசி மாதம் வரை கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையினரிலும் சிக்கனக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய் குறைத்து வாங்குவார்கள், பழைய சட்டையைத் தைத்துப் போடுவார்கள். மிச்சமான அந்தப் பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்து, அடுத்த விசேஷத்தில் கரைந்துவிடும். மிச்சம் பிடித்த பணம் அந்த மாதமே கடன் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே இதற்கான வழிகள்தான்.

முதலில் உங்கள் கடன் கணக்கின் ஓராண்டு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். பன்னிரண்டு தவணைகளில் நீங்கள் கட்டியது 3,12,416 ரூபாய். அதில் வட்டிக்குப் போனது சுமார் 2,52,700. அசலில் குறைந்தது 59,700 மட்டுமே. முதல் மாதத் தவணையில் வட்டி 21,250, அசல் 4,785. ஏமாற்று எதுவும் இதில் இல்லை. குறைந்துவரும் அசலுக்கு மாதாமாதம் வட்டி போடும் கடன் இப்படித்தான் நடக்கும்: ஆரம்ப ஆண்டுகளில் வட்டி பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், கடைசி ஆண்டுகளில் அசல் வேகமாகக் கரையும். இப்படியே 20 ஆண்டு போனால் நீங்கள் கட்டும் மொத்தம் 62.48 லட்சம். வட்டி மட்டும் 32 லட்சத்துக்கு மேல், அதாவது வாங்கிய கடனைவிட அதிகம்.

அதனால்தான் தொகையைவிட ஆண்டு முக்கியமாகிறது. இன்று, அதாவது முதல் ஆண்டு முடிந்த நிலையில், ஒரு லட்சம் ரூபாயை அசலில் கட்டித் தவணையை மாற்றாமல் விட்டால், 18 மாதத் தவணை குறையும். வட்டியில் மிச்சம் சுமார் 3.7 லட்சம். அதே ஒரு லட்சத்தைக் கடன் தொடங்கிப் பதினைந்து ஆண்டு கழித்துக் கட்டினால் ஆறு மாதம்கூட முழுதாகக் குறையாது, மிச்சம் 50,000 அளவில் நின்றுவிடும். "பிள்ளைகள் படிப்பு முடியட்டும், பிறகு மொத்தமாகக் கட்டலாம்" என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். வாழ்க்கையில் வசதி வரும் காலமும் கடனில் பணம் வேலை செய்யும் காலமும் ஒன்றாக வருவதில்லை. கஷ்டமாக இருக்கும் இந்த ஆரம்ப ஆண்டுகளில் கட்டும் 2,000 ரூபாய்க்குத்தான் பலம் அதிகம்.

மாதாமாதம் கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும்? இந்த மாதம் முதல் 5,000 கூடுதலாகக் கட்டினால், பாக்கியுள்ள 19 ஆண்டுகள் 13 ஆண்டும் 2 மாதமுமாகச் சுருங்கும்; மிச்சம் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். 10,000 கட்டினால் 10 ஆண்டு 3 மாதத்துக்குள் முடிந்துவிடும். மிச்சம் 15 லட்சத்தைத் தாண்டும். நிலையான தொகை கஷ்டம் என்றால் இன்னொரு வழி உண்டு. சம்பளம் ஆண்டுதோறும் கொஞ்சமாவது கூடும் அல்லவா? தவணையை ஆண்டுக்கு ஐந்து சதவீதம் உயர்த்திக்கொண்டே போங்கள். இந்த ஆண்டு 26,035 என்பது 27,336 ஆகும். கூடுதல் 1,301 ரூபாய்தான். இப்படியே ஆண்டுக்கொரு முறை உயர்த்தினால், கடன் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டும் 3 மாதமும் ஆகும்போது கணக்கு முடிந்துவிடும். சம்பள உயர்வு வந்ததும் அதைச் செலவு பழகும் முன்பே தவணை எடுத்துக்கொள்கிறது. அதனால் குடும்பத்துக்குக் குறை தெரிவதில்லை. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்; கிடைக்கும் கூடுதல் தொகைகளை இதற்கு மேல் கட்டுங்கள்.

வங்கி இதற்கு அபராதம் போடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுவிட்டது. நிலையான வட்டிக் கடனாக இருந்தால் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். உங்களுடையது மாறும் வட்டி என்பதால் கவலை இல்லை.

ஆனால் கட்டும் முறையில் கவனம் வேண்டும். கடன் கணக்கில் வெறுமனே பணத்தைப் போட்டுவிட்டு வந்தால், சில இடங்களில் அதை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வரவு வைத்துவிடுவார்கள். அசல் குறையாது. "இது அசலுக்கான பகுதித் தொகை. தவணைத் தொகை மாற வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். கவுண்டரில் பார்ட் பேமென்ட் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்டால் காலத்தைத்தான் குறைக்கச் சொல்ல வேண்டும். தவணை குறைந்தால் மாதம் சில நூறு ரூபாய் கைக்கு வரும், அது எங்கே போனது என்றே தெரியாது. அடுத்த மாத அறிக்கையில் வட்டிக் கட்டத்தைப் பாருங்கள். முந்தைய மாதத்தைவிட வழக்கத்துக்கு மேல் குறைந்திருந்தால் உங்கள் பணம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது. சில நிறுவனங்கள் பகுதித் தொகைக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன. அப்படியானால் தனியாக ஒரு கணக்கில் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வேண்டாம்.

வட்டி மாறும்போதும் விழிப்பாக இருங்கள். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோரின் தவணை மாறவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். உள்ளே காலம் நீண்டுகொண்டிருந்தது. 7 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியவரின் 20 ஆண்டுத் தவணை 23,259 ரூபாய். வட்டி 9.5 ஆனபோது ஒரு மாத வட்டி மட்டுமே 23,750. தவணை வட்டிக்கே போதவில்லை, கட்டக் கட்டக் கடன் வளரும் நிலை! இப்படிப் பலர் தவித்த பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி ஏறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

வட்டி இறங்கும்போது இதற்கு நேர்மாறான வாய்ப்பு வரும். 2025-இல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று அடுத்தடுத்து ரெப்போ குறைந்தது. உங்கள் வட்டி 8.5-இலிருந்து 7.75 ஆகக் குறைந்தால், தவணையை 24,676 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். பழைய 26,035-ஐயே தொடர்ந்து கட்டினால் 25 மாதங்கள் மிச்சமாகும். இதற்குக் குடும்பத்தில் யாரும் எந்தச் செலவையும் குறைக்க வேண்டியதில்லை. உங்கள் கடன் ரெப்போவோடு இணைக்கப்பட்டதா என்றும் கேட்டு உறுதி செய்யுங்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தவை. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புதியவர்களுக்கு என்ன வட்டி என்று விசாரித்து, கால் சதவீதம் வித்தியாசம் தெரிந்தாலும் குறைக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஒரு கடிதம் எழுதுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இனி வீட்டுக்கு வருவோம். "மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை" என்கிறீர்கள். உங்கள் கணக்கைப் பார்த்தால், தவணை, சீட்டு, காப்பீடு, போன் எல்லாம் போக 48,000-க்கு மேல் கையில் நிற்க வேண்டும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது தாராளமில்லைதான். ஆனால் ஒன்றுமே மிஞ்சாமல் கார்டிலும் நிலுவை நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் மாதச் செலவு அல்ல, ஆண்டுச் செலவு. ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் மொய் எழுத வேண்டும். ஐப்பசியில் தீபாவளி. வண்டிக்குக் காப்பீடு, அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி, ஊரில் குலதெய்வக் கோயில் கொடை. இவை ஒவ்வொன்றும் வரும்போது "திடீர்ச் செலவு வந்துவிட்டது" என்கிறோம். தீபாவளி எந்த மாதம் வரும் என்று தெரியாதவர் யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு உட்கார்ந்து இவற்றை மட்டும் எழுதுங்கள். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு உத்தேசமாக நான் போட்டுப் பார்க்கிறேன்: இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு 90,000, தீபாவளி 25,000, பொங்கல் 5,000, மொய்யும் சீரும் 24,000, இரண்டு வண்டிகளின் காப்பீடும் சர்வீஸும் 10,000, சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் 5,000, ஊர்ப் பயணம் 15,000, மருத்துவக் காப்பீடு 22,000. கூட்டினால் 1,96,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 16,333. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், எழுதித்தான் பார்க்க வேண்டும். இந்த 16,333 சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். அதன் பிறகு கார்டைத் தேய்க்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. இதைச் செய்யாமல் அரிசியிலும் பருப்பிலும் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் ஜூன் மாதம் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும்.

மொய் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் மொய் என்பது எழுதி வைத்துத் திருப்பிச் செய்யும் கடமை, அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். மொய் நோட்டை எடுத்து, நமக்கு யார் யார் என்ன செய்தார்கள், அவர்கள் வீட்டில் அடுத்து எப்போது விசேஷம் வரும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நாம் வாங்கியதை மனநிறைவோடு திருப்பிச் செய்வோம். ஆனால் யாரோ பெரிய தொகை எழுதினார்கள் என்று மண்டபத்தில் நின்று திடீரென்று தொகையைக் கூட்ட வேண்டாம்.

அடுத்து கார்டு நிலுவை. கிரெடிட் கார்டில் நிற்கும் பணத்துக்கு மாதம் 3 முதல் 3.5 சதவீதம் வரை வட்டி ஏறும்; ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும். 30,000 நிலுவைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சும்மா போகிறது. 8.5 சதவீதக் கடனை அடைக்க ஓடிக்கொண்டு இதை வைத்திருப்பது தலைகீழான காரியம். வீட்டுக் கடனுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்டும் முன் இதை அடைத்துவிடுங்கள், தேவைப்பட்டால் கையிலிருக்கும் வைப்புத் தொகையை உடைத்தாவது.

அதற்குப் பிறகு மூன்று மாதச் செலவுக்கான பணம், தவணையும் சேர்த்து, தனியாக நிற்க வேண்டும். கடனில் கட்டிய பணம் திரும்பி வராது. வேலை போய்விட்டது என்று வங்கியிடம் போனால், "போன வருடம் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினீர்களே, ஆறு மாதம் தவணை வேண்டாம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பாதுகாப்பு இல்லாமல் எல்லாப் பணத்தையும் கடனில் போட்டு, பின்னர் அதிக வட்டிக்கு வெளியில் வாங்கியவர்கள் உண்டு. கடனோடு ஓவர்டிராஃப்ட் கணக்கை இணைத்துத் தரும் திட்டங்களும் இருக்கின்றன. ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் அப்படிப்பட்டது. அதில் போட்டு வைக்கும் பணத்துக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். எடுக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் அது நல்லது.

அடுப்படிச் செலவில்தான் எல்லோரும் முதலில் கை வைக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன், ஆனால் அதில் இடம் இருக்கிறது. மாத மளிகைப் பட்டியல் எழுதும் முன் எல்லா டப்பாக்களையும் திறந்து பாருங்கள். உளுந்து அரைக் கிலோ கிடக்கும்போது ஒரு கிலோ எழுதியிருப்போம். வெந்தயமும் கசகசாவும் மூன்று பொட்டலம் சேர்ந்திருக்கும். போன தீபாவளிக்கு வாங்கிய கடலை மாவு வண்டு விழுந்து கிடக்கும். இருப்பைப் பார்த்துப் பட்டியல் எழுதும் வீட்டுக்கும், சூப்பர் மார்க்கெட்டில் கூடையைத் தள்ளிக்கொண்டே யோசிக்கும் வீட்டுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வருவது சாதாரணம். புளியும் வற்றலும் மாசி, பங்குனியில் புதிதாக வரும்போது ஆண்டுக்கு வாங்கி, மொட்டை மாடியில் காய வைத்து எடுத்து வைப்பதை நம் அம்மாக்கள் செய்தார்கள். உங்கள் மாமியாருக்கு அந்தக் கைப்பழக்கம் இருக்கும். பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

அரிசி மூட்டை 26 கிலோவில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூலையில் பெயரிட்டு உறையிட்ட அரிசிக்கு, 25 கிலோ வரையிலான பைகளுக்கு, 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதைத் தாண்டிய எடைக்கு வரி இல்லை. ஐந்து பேர் வீட்டில் ஐந்து கிலோப் பையாக வாங்குவது வீண். ரேஷன் அட்டையை முகவரிச் சான்றுக்கு மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வெளியில் பருப்பு நூறு ரூபாயைத் தாண்டிவிடும். உங்கள் அட்டைக்கு உரியதை வாங்கிப் பயன்படுத்துவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. காய்க்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே உங்கள் மதுரையில்தான். விலைப் பலகை அன்றன்று வைத்திருப்பார்கள், காலையிலேயே போனால் நல்ல காய் கிடைக்கும்.

மாமியாருக்குச் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை வாங்குகிறீர்கள் என்றால், மருத்துவரிடம் மூலப்பெயரில் (ஜெனரிக்) எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். மாதாமாதம் தொடரும் மருந்தில் கிடைக்கும் மிச்சம் பெரியது. மருந்தை மட்டும் நிறுத்தவோ நாள் தள்ளவோ கூடாது.

மின்சாரத்தில் ஒரு எல்லைக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளின் விலை உயர்வதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். 490-இல் நிற்பதற்கும் 510-க்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இருபது யூனிட்டின் விலை மட்டுமல்ல. மீட்டரை மாதத்தின் நடுவில் ஒரு முறை பார்த்தால் போதும். ஏசி இருந்தால் இரவு மின்விசிறியோடு சேர்த்து 26, 27 டிகிரியில் வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் தடத்தில் சாதாரண நகரப் பேருந்து ஓடினால், 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டரை வீட்டில் விட்டாலும் பெட்ரோல் கணிசமாகக் குறையும்.

வெளிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். இருவரும் வேலை பார்த்துக் களைத்து வரும் வீட்டில் அது ஆடம்பரம் மட்டுமல்ல, பல நாள் உங்களுக்கு ஓய்வும் அதுதான். மாதம் இரண்டு முறை எல்லோரும் கடைக்குப் போய் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள். செயலியில் வரவழைக்கும் இடைநாள் பரோட்டாவையும் பிரியாணியையும் குறைத்தால் போதும். இட்லி மாவு வீட்டில் தயாராக இருந்தாலே அதில் பாதி நின்றுவிடும். பிள்ளைகளின் பால், முட்டை, பழத்தில் கை வைக்காதீர்கள். எங்கே குறைப்பது என்பதில் எனக்கு ஒரே அளவுகோல்தான்: பத்து ஆண்டு தொடர்ந்து செய்ய முடியுமா? மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு நான்காம் மாதம் வெடிக்கும் சிக்கனம் கடனைத் தொடாது.

இப்போது உங்கள் பெரிய தொகைகளைப் பார்ப்போம். நகைச் சீட்டை நடுவில் நிறுத்தினால் சலுகை போய்விடும், முடியும் வரை கட்டுங்கள். முடிந்த பிறகு அடுத்த சீட்டுத் தொடங்க வேண்டாம். தங்கம் ஏறிக்கொண்டே போகிறதே என்பீர்கள். ஏறியது உண்மை. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து வாங்கிய அன்றே ஒரு பகுதி போய்விடுகிறது. கடனில் கட்டும் பணமோ 8.5 சதவீதத்தை நிச்சயமாக மிச்சப்படுத்துகிறது. மகளுக்கு என்று நீங்கள் மனத்தில் வைத்திருந்தால், சில ஆண்டுகளுக்குப் பிறகு கடனில்லாத வீட்டோடு இன்னும் வேகமாகச் சேர்க்கலாம்.

போன் தவணை முடியும் மாதத்தில் அந்த 2,500 அப்படியே கடனுக்குத் திரும்ப வேண்டும். சேமிப்புக் காப்பீடுகள் பெரும்பாலும் 5, 6 சதவீதத்துக்கு மேல் தருவதில்லை. உங்கள் பாலிசியை இப்போது சரண் செய்தால், அதாவது பாதியில் முடித்துப் பணத்தை வாங்கினால் எவ்வளவு, கட்டாமல் விட்டு முதிர்வில் வாங்கினால் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி முடிவெடுங்கள். ஆனால் அதைத் தொடும் முன் உங்கள் இருவர் பெயரிலும் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் காப்பீடு, அதாவது சேமிப்பு இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு, எடுத்திருக்க வேண்டும். சம்பாதிப்பவர் ஒருவர் இல்லாமல் போனால் வீடு கைவிட்டுப் போகக் கூடாது. அதற்கான பிரீமியத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

"வரிச் சலுகை போய்விடும், கடனை அடைக்காதே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கான விலக்கு பழைய வரி முறையில்தான் உண்டு, ஆண்டுக்கு 2 லட்சம் வரை. புதிய முறையில் இல்லை. உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்தே இந்த அளவுதான் என்பதால், 12 லட்சம் வரை வரி இல்லாத புதிய முறையில் உங்களுக்கு வரியே வராது. பிறகு எந்தச் சலுகைக்காக வங்கிக்கு இரண்டரை லட்சம் வட்டி கட்டுவது?

பங்குச் சந்தையில் மாதாமாதம் போட்டால் 12 சதவீதம் கிடைக்கும், கடனை மெதுவாக அடைக்கலாம் என்பவர்களின் வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. நீண்ட காலத்தில் அப்படிக் கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை, இறங்கும் ஆண்டுகளில் விற்காமல் பொறுத்திருக்கும் மனமும் வேண்டும். வருங்கால வைப்பு நிதியைத் தொடாமல் தொடர்ந்துகொண்டு, மாதக் கடைசியில் கை காலியாகும் ஒரு குடும்பம், முதல் ஐந்தாறு ஆண்டுகள் கடனைத்தான் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடன் பாதியாகக் குறைந்த பிறகு இரண்டையும் பிரித்துச் செய்யலாம்.

எல்லாம் சேர்த்து உங்கள் பாதை இப்படி அமையும். முதல் சில மாதங்கள் கார்டு நிலுவைக்கும் அவசரப் பணத்துக்கும் போகும். பிறகு வெளிச் சாப்பாடு, மளிகை, மின்சாரம், பெட்ரோல் ஆகியவற்றில் கிடைக்கும் 4,000 முதல் 5,000 வரை, முடிந்த போன் தவணை 2,500, சீட்டு முடிந்ததும் 5,000. பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டீர்கள். தீபாவளி போனஸில் பாதியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள். இந்தத் தொகை சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். என்னிடம் வாடிக்கையாளராக இருந்த ஒரு பெண்மணி, அடுப்படியில் தொங்கும் மளிகைக் கடைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக் கட்டத்தில் கடன் பாக்கியைச் சிவப்பு மையில் எழுதுவார். ஒரு முறை அந்தத் தாள்களை நூலில் கட்டி வங்கிக்கே கொண்டுவந்து, எங்கள் அறிக்கையோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார். அவருடைய மகன் சைக்கிள் கேட்பதற்கு முன் காலண்டரைப் பார்ப்பானாம். பணம் இல்லை என்று பிள்ளைகளிடம் பொய் சொல்வதைவிட, பணம் எங்கே போகிறது என்று காட்டுவது எவ்வளவோ மேல்.

கடைசித் தவணை கட்டும் காலம் வரும்போது செய்ய வேண்டியதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. கடன் வாங்கியபோது கொடுத்த பத்திரங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். நிலுவை இல்லை என்ற சான்றும் வாங்க வேண்டும். அதோடு பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பத்திரங்களை ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும் அல்லவா, அதற்கு எதிராகக் கடன் தீர்ந்த ரசீது ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வீட்டை விற்கும்போதோ பிள்ளைகளுக்கு எழுதி வைக்கும்போதோ வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும். பதிவு முடிந்து சில நாள் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.